விண்ணுக்கு உபயகாரர்

வானத்தை விற்பதில்லை என்று வாகீசன் முடிவெடுத்தபோது அவன் கையில் வெங்காயம் இருந்தது.

மார்கழி மாதத்து முற்பகல். கோப்பாயில் மழை விட்டிருந்தது. வாடைக்காற்று தோட்ட வெளிகளைக் கடந்து வந்து குசினி யன்னலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே, எவர் வீட்டு முற்றத்திலிருந்து ஏறியதோ தெரியாத ஒரு பட்டம், முகில்களுக்கு நடுவே அசையாமல் நின்றது. வாகீசன் அதையே பார்த்திருந்தான். உரித்த வெங்காயத்தைச் சட்டியிலும் தோலைக் குப்பைக் கடகத்திலும் போடும்படி அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தோல் சட்டிக்கும் வெங்காயம் கடகத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. அவன் கண்களில் நீர் வழிந்தது. அது வெங்காயத்தின் வேலையா, மனவுறுதியின் வேலையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நான் வானத்தை விக்க மாட்டன்," என்றான் உரக்க.

அடுப்படியில் நின்ற அவன் மனைவி தயாளினி திரும்பாமலே கேட்டாள்: "ஆர் கேட்டது?"

"ஒருதரும் கேக்கேல்லை. கேட்டாலும் விக்க மாட்டன்."

"சரி. முதல் அந்த வெங்காயத்தைக் கடகத்துக்குள்ளை இருந்து எடுங்கோ."

வாகீசன் மென்பொருள் எழுதுபவன். யாழ்ப்பாண நகரத்து நிறுவனமொன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன், பிறருடைய கணக்கைப் பார்த்தது போதும் என்று ஒருநாள் எழுந்து வந்துவிட்டான். வந்தவன் விறாந்தை மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியில் விளையாடும் விளையாட்டு ஒன்றைப் படைத்தான். அதற்கு 'விண்' என்று பெயரிட்டான்.

யாழ்ப்பாணத்துப் பட்டத்தின் தலையில் ஒரு வில்லை வளைத்துக் கட்டி, அதில் நாடா பூட்டுவார்கள். காற்றுப் பட்டதும் அது கூவும். அதற்கு விண் என்று பெயர். வானத்துக்கும் அதுவே பெயர். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மொழிக்கு மனத்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாகீசன் அந்த விளையாட்டில் வேறு எதையும் வைக்கவில்லை. வெற்றி கிடையாது. தோல்வி கிடையாது. விரலால் நூலை விட்டால் பட்டம் ஏறும். கீழே கோப்பாய் வெளி, அதற்கப்பால் உப்பாற்றுத் தண்ணீர், பனைகள், புத்தூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்கள் எல்லாம் நிலவொளியில் மெல்ல நகரும். விண் கூவும். நூலை இழுக்காமல் விடாமல் பிடித்திருந்தால் பட்டம் ஓரிடத்தில் நின்று உறங்கிவிடும். பிடித்திருப்பவரும் உறங்கிவிடுவார். செய்து முடித்த அன்று வாகீசனே அப்படித்தான் உறங்கிப்போய், அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து வழுவினான்.

"பேர் நல்ல பேர்தான்," என்றாள் அன்று தயாளினி, அடுப்பைத் துடைத்தபடி. "மேலை ஒரு சுழி மட்டும் குறையுது. போட்டால் 'வீண்'. பொருள் பொருந்தும்."

இப்போது, வெங்காயத்தைக் கழுவிக்கொண்டே, அவள் விடயத்துக்கு வந்தாள்.

"உந்த விளையாட்டு என்ன விலை?"

"விலை இல்லை. இலவசம்."

"அப்ப ஆர் காசு தருவினம்?"

"விளையாடுற ஆக்கள்தான்."

"இலவசமா விளையாடுற ஆக்களோ?"

"ஓம்."

"என்னத்துக்குத் தருவினம்?"

"இலவசமாக் குடுத்ததுக்கு."

தயாளினி அகப்பையைக் கீழே வைத்தாள். "இஞ்சேருங்கோ, இந்த மூளையோடையே இவ்வளவு காலமும் ஆக்களுக்குக் கணக்கு எழுதினனீங்கள்?"

"உமக்கு விளங்கேல்லை, தயா. என்னைப்போலத் தனிய இருந்து செய்யிற ஆக்கள் உலகம் முழுக்க இப்பிடித்தான் செய்யினம். காசு கேட்டால் ஒருதரும் திறந்துகூடப் பாக்கமாட்டினம். சும்மா குடுத்தால் எடுப்பினம். எடுத்தாப்பிறகு காசை எப்பன் எப்பனாத் திரும்ப எடுக்க வழியிருக்கு."

"சொல்லுங்கோ பாப்பம்."

"விளம்பரம் போடலாம்."

"போடுங்கோவன்."

போட்டுப் பார்த்திருந்தான். பட்டம் உப்பாற்றின் மேலே உறங்கத் தொடங்கிய வேளையில், வானத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் தோன்றி, வேட்டியை உயர்த்தித் தம் முழங்காலைக் காட்டி, மூட்டுவலித் தைலத்தின் பெருமையை முழங்கினார். விண் கூவ வேண்டிய இடத்தில் முழங்கால் கூவியது. அன்றிரவு வாகீசனின் கனவில் நிலவுக்குப் பதிலாக முழங்கால் உதித்தது. மறுநாளே எடுத்துவிட்டான்.

"முழங்கால் வராது," என்றான் சுருக்கமாக.

"வேறை?"

"நூலை அறுத்துவிடலாம். புது நூல் வேணுமெண்டால் காசு. காசில்லாட்டில் ஒரு விளம்பரத்தை முழுசா இருந்து பார், நூல் சும்மா தாறன் எண்டலாம்."

"அது நல்லாக் கிடக்கே!"

"ஆரின்ரையோ பட்டத்தின்ரை நூலை நான் அறுக்கிறதோ? சின்ன வயதிலை என்ரை பட்டத்தை அறுத்தவனோடை நான் இண்டைக்கும் கதைக்கிறேல்லை."

"அப்ப மிச்சம் என்ன வழி?"

"கேக்கலாம். மரியாதையா. பிடிச்சிருந்தால் தாங்கோ எண்டு."

"ம்," என்றாள் தயாளினி. "கையேந்துற வழி. அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்? ஒரு சிரட்டை காணுமே."

பிறகு அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். தயாளினி குரலைத் தாழ்த்தும்போதுதான் வாகீசனுக்குப் பயம் வரும்.

"அண்ணை இண்டைக்கும் போன் எடுத்தவர். கடையிலை காசுமேசைக்கு நம்பிக்கையான ஆள் வேணுமாம். நான் தைப்பொங்கல் மட்டும் பாக்கிறன். உந்தப் பட்டம் உருப்படியா ஏதும் உழைச்சால், நீங்கள் உங்கடை வானத்திலையே இருங்கோ. இல்லாட்டில் பொங்கலுக்கு மறுநாள் காலமை புத்தூர் பஸ். இவ்வளவு நாளும் சொஃப்ட்வெயார். இனி ஹாட்வெயார்."

அவளுடைய அண்ணன் கோகுலனுக்குப் புத்தூரில் சீமெந்தும் கம்பியும் ஆணியும் விற்கும் கடை இருந்தது. வாகீசன் அதை ஒருமுறை நினைத்துப் பார்த்தான். தலைக்கு மேலே தகரம். தகரத்தில் தொங்கும் கம்பிச் சுருள். வாசலை மறைத்து அடுக்கிய சீமெந்துப் பைகள். அந்தக் காசுமேசையிலிருந்து பார்த்தால் வானத்தின் ஒரு நகக்கண்கூடத் தெரியாது. அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்தப் பட்டம் இன்னமும் அங்கேயே நின்றது, அவனுக்காகவே நிற்பதுபோல.

அன்று பிற்பகலே வாகீசன் தன் விளையாட்டின் மூலையில் தண்ணீர் கொதிக்கும் சின்னஞ்சிறு கேத்தில் ஒன்றை வரைந்தான். மூக்கிலிருந்து ஆவி பறந்தது. அதைத் தொட்டால், 'பட்டம் பிடித்திருந்தால், ஏற்றியவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள்' என்ற வரி வரும். அதற்குக் கீழே, அட்டையால் காசு செலுத்தும் இடம். உலகத்துத் தனியாள்கள் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று அவன் படித்திருந்தான். அங்கே கோப்பி கேட்பார்கள். அவன் அதைப் பண்பாட்டுக்கு ஏற்பத் தேத்தண்ணி ஆக்கினான். அந்த நுட்பத்தை நினைந்து நினைந்து மகிழ்ந்தான்.

சில நாள்கள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு காலையில் ஒரேயொரு தேத்தண்ணிக்குக் காசு வந்தது. கூடவே இரண்டு சொற்கள்: 'வானம் வடிவு.' கீழே, 'ஓர் இரசிகை.'

வாகீசன் அதை விறாந்தையில் நின்று வாசித்தான். கிணற்றடியில் நின்று வாசித்தான். கடைசியில் குசினி வாசலில் வந்து நின்று வாசித்தான்.

"ஆராம்?" என்றாள் தயாளினி, கீரையை ஆய்ந்தபடி.

"பேர் போடேல்லை. உண்மையா உணர்ந்த ஆக்கள் பேர் போடமாட்டினம், தயா. எங்கையோ ஒரு நாட்டிலை, ஒரு யன்னலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு ஒரு ஆத்மா என்ரை வானத்தைப் பாத்திருக்கு."

"ஓமோ? ஆத்மா எண்டபடியால்தான் ஒரு தேத்தண்ணியோடை விட்டிட்டுது."

"எண்டாலும் பட்டம் உழைச்சிட்டுது. ஒத்துக்கொள்ளும்."

"ஒரு தேத்தண்ணி உழைப்பே? சீனி நாங்கள்தானே போடவேணும்!"

அன்று முழுவதும் வாகீசன் நிலத்தில் நடக்கவில்லை. வெளிநாட்டு யன்னல் ஒன்றும், அதன் கண்ணாடியில் படியும் பனியும், கன்னத்தில் கைவைத்த ஒரு நிழலும் அவனோடு கூடவே திரிந்தன. தண்ணீர் அள்ளப் போனவன் கிணற்றுக்குள் நிலவைத் தேடினான். பகல் பன்னிரண்டு மணி.

மறுநாள் அடுத்த வீட்டுப் பாலேஸ்வரி அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் சுடுதண்ணிப் போத்தல்.

"தம்பி வாகீசன், ஒண்டும் யோசிக்காதையும். இஞ்சி தட்டிப் போட்டது. ஊத்திக் குடியும்."

"என்னக்கா இது?"

"எனக்குத் தெரியும் தம்பி. எங்கடை மருமகள் போனிலை பட்டம் ஏத்திக் காட்டினவள். மூலையிலை கேத்தில் கிடந்துது. அமத்திப் பாத்தன்." பாலேஸ்வரி அக்காவின் குரல் உடைந்தது. "பக்கத்து வேலிக்கு அங்காலை நான் இருக்க, நீர் ஊர் உலகத்திட்டைத் தேத்தண்ணி கேக்க வேணுமே? ஒரு குரல் குடுத்திருக்கலாமே, தம்பி!"

"அக்கா, அது தேத்தண்ணி இல்லை. காசு."

"வெக்கப்படாதையும்," என்றாள் பாலேஸ்வரி அக்கா. குசினிப் பக்கம் ஒரு பார்வை போனது. "சில வீடுகளிலை அப்பிடித்தான். பொம்பிளையளுக்கு ஆயிரம் வேலை."

குசினியில் ஒரு மூடி விழுந்தது. அது தற்செயலாக விழுந்த மூடியின் ஒலியாகப் படவில்லை.

பொழுது சாய்வதற்குள் செய்தி ஒழுங்கை வீடுகள் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. பால் தேத்தண்ணி வந்தது. வெறும் தேத்தண்ணி பனங்கட்டியோடு வந்தது. ஒரு வீட்டிலிருந்து தேத்தண்ணியோடு கடிக்கப் பணிசும் வந்தது. தேத்தண்ணி கேட்டவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பதுதான் கோப்பாயின் வழக்கம். அதைக் காசு என்று மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே எவருக்கும் தோன்றவில்லை. கொண்டுவந்த ஒவ்வொருவரும் வாகீசன் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்து, தயாளினியை ஒரு மாதிரியாகப் பார்த்து, வெறும் போத்தலோடு போனார்கள்.

அப்போது தொலைபேசி மணி அடித்தது. ரொறன்ரோவிலிருந்து தயாளினியின் சின்னம்மா, இரத்தினம்மா.

"பிள்ளை, நான் கேள்விப்படுறது மெய்யே? உன்ரை மனிசன் இஞ்சை கனடாச் சனத்திட்டையும் தேத்தண்ணி கேக்கிறாராம். நீ நல்லாச் சமைக்கிற பிள்ளையெல்லே! என்ன பிரச்சினை உங்களுக்குள்ளை? எனக்கு மட்டும் சொல்லு."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தயாளினி வந்து வாகீசனின் கதிரைக்கு முன்னால் நின்றாள். வயிற்றில் தேத்தண்ணி அலை அடிக்க, அவன் அவளை அண்ணாந்து பார்த்தான்.

"நான் உங்களுக்குத் தேத்தண்ணி தாறேல்லையோ?"

"தாறனீர்."

"விடியக் காலமை?"

"தாறனீர்."

"பின்னேரம்?"

"அதுவும் தாறனீர். தயா, தயவுசெய்து இப்ப மட்டும் தந்திடாதையும்."

கேத்தில் அன்றே இறக்கப்பட்டது. பட்டத்தின் மூலை வெறுமையாயிற்று. பொங்கலும் நெருங்கி வந்தது. ஒவ்வொரு நாளும் புத்தூர் பஸ் சந்தியில் ஹோண் அடிக்கும்போது வாகீசனின் நெஞ்சுக்குள் ஒரு சீமெந்துப் பை இறங்கியது.

இரண்டு நாள் கழித்து, இடியப்பத்துக்கு மா குழைத்தபடி, தயாளினி சொன்னாள்: "நான் ஒருக்கால் முயற்சி செய்து பாக்கட்டே?"

வாகீசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தோற்கும் தறுவாயிலும் அரசன் அரசன்தான். "செய்யும். ஆனால் நான் சொல்லுறதுக்கு ஒத்துக்கொள்ள வேணும். விளம்பரம் வரக்கூடாது. ஒரு பொருளும் விக்கக்கூடாது. ஒருதற்றை நூலும் அறுபடக்கூடாது. வானத்தை ஒண்டும் மறைக்கக்கூடாது."

"சரி."

"எல்லாத்துக்கும் சரியோ?"

"எல்லாத்துக்கும் சரி. எனக்கு உபயம் மட்டும் காணும்."

"என்ன?"

"உபயம்."

வாகீசனின் கண்முன்னே உடுவிலில் இருந்த பிள்ளையார் கோயில் ஒன்று எழுந்து நின்றது. தயாளினியின் தகப்பன் பரமலிங்கம் பல காலம் அந்தக் கோயிலின் பொருளாளராக இருந்தவர். அங்கே ரியூப் லைற்றில் 'உபயம்' என்று தொடங்கிக் கொடுத்தவரின் பெயர், ஊர், இப்போது வாழும் நாடு எல்லாம் எழுதியிருக்கும். எழுத்துப் போக மிச்சமிருந்த இடத்தால் வெளிச்சம் வரும். காற்றாடி, மணி, தண்ணீர்த் தாங்கி, செருப்பு வைக்கும் பலகை, எல்லாவற்றுக்கும் ஓர் உபயகாரர் உண்டு. ஒருமுறை பரமலிங்கம் முற்றம் கூட்டும் தும்புத்தடிக்குக்கூட நோர்வேயில் உபயகாரர் பிடித்தார். சிறுமி தயாளினி தகப்பனின் பக்கத்தில் குந்தியிருந்து அந்தக் கலையைப் பார்த்து வளர்ந்தவள்.

"உம்மடை எண்ணம்... நட்சத்திரத்திலை பேர் எழுதுறதோ?"

"நட்சத்திரம், பனை, கிணறு, முகில். நீங்கள் சும்மா குடுக்கிறியள். அவையளும் சும்மாதான் குடுப்பினம். விக்கிறதுமில்லை, வாங்கிறதுமில்லை. பேர் மட்டும் கிடக்கும். திருவிழா உபயம் மாதிரி வருசா வருசம் புதுப்பிக்கலாம்."

"அது விளம்பரம்!"

"விளம்பரம் எண்டது வாங்கு எண்டு சொல்லுறது. உபயம் எண்டது குடுத்தாச்சு எண்டு சொல்லுறது. உங்களுக்குத் தமிழ் தெரியுமெல்லே?"

வாகீசனுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுடைய வாழ்க்கையிலேயே மிகத் தந்திரமான யோசனை. அவன் மெல்லப் புன்னகைத்துக்கொண்டு கதிரைக்குத் திரும்பினான்.

அவன் செய்தது இதுதான். பெயர்கள் இருக்கும், ஆனால் தெரியா. ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பட்டத்தை ஏற்றி, கை அசையாமல், மூச்சும் அதிராமல், வெகுநேரம் நிறுத்தி வைத்திருந்தால் மட்டும் எழுத்துகள் பனி விலகுவதுபோல மெதுவாக வெளிவரும். தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள் வராது. இந்தக் காலத்தில் எவருக்கு அவ்வளவு பொறுமை? ஓடிப்போகிறவனுக்கு வானம், நிற்கிறவனுக்கு மட்டும் பெயர். வானம் தப்பிற்று. பெயர்களைத் தன் கையால் எழுதும் பாவம் தனக்கு வேண்டாம் என்று, தயாளினியின் தொலைபேசியிலிருந்தே அவள் எந்த இடத்துக்கும் பெயர் போடும்படி ஒரு வசதியையும் செய்து கொடுத்தான்.

"இந்தாரும். உம்மடை பாவம், உம்மடை கை."

"மெத்தப் பெரிய உபகாரம்," என்றாள் தயாளினி.

அவள் முதலில் ரொறன்ரோவுக்கு அழைத்தாள். வாகீசன் விறாந்தையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"சின்னம்மா, அது தேத்தண்ணிக் கதை இல்லை. பட்டம் ஏத்துற விளையாட்டு. எங்கடை ஊர் முழுக்க அதுக்குள்ளை கிடக்கு. முழுநிலவுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறன்... ஓம், முழுநிலவு. இலண்டன் மாமா கேட்டவர். நான் சொன்னனான், முதல் சின்னம்மாவைக் கேட்டிட்டுச் சொல்லுறனெண்டு."

இலண்டன் மாமாவுக்கு அதற்குப் பிறகுதான் அழைப்புப் போயிற்று.

"நிலவு போட்டுது மாமா. சின்னம்மா எடுத்திட்டா. நீங்கள் ஏன் நிலவுக்கு ஆசைப்படுறியள்? அது தேயிற சாமான். விடிவெள்ளி எண்டால் ஒருநாளும் தேயாது. உங்கடை குணத்துக்கு அதுதான் பொருத்தம்."

நிலவும் விடிவெள்ளியும் போன செய்தி பரவியபோது, மிச்ச வானம் தானாகக் கரையத் தொடங்கியது. பாரிசிலிருந்து ஒருவர் புத்தூர்ப் பக்கத்து அடிகாணாக் கிணற்றைக் கேட்டார். தம் பெயர் அதன் அடியில் வரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. கிணற்றுக்கு அடி இல்லையே என்று வாகீசன் எடுத்துக்காட்டினான். "அப்ப அவர் மட்டும்தான் அதிலை கடைசி ஆள். இன்னும் கூடக் குடுப்பார்," என்றாள் தயாளினி. சுவிஸ் சகோதரர் இருவர் ஒரு பனையின் தலைவட்டையும் அடியையும் பிரித்துக்கொண்டு, பிறகு யாருக்கு வட்டு என்பதில் ஒருவரோடு ஒருவர் கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பாலேஸ்வரி அக்காகூட, தன் வேலிக்கு மேலே தெரியும் முகில் துண்டு ஒன்றைத் தன் பெயருக்கு எழுதச் சொன்னாள். "பக்கத்து வீடெண்டு இருக்கட்டும் பிள்ளை. தேத்தண்ணிக்கும் சேத்துத்தான்."

வாகீசன் இவற்றையெல்லாம் கேட்டும் கலங்கவில்லை. எழுத்து வெளிவரும் வரைக்கும் யார் நிற்கப் போகிறார்கள்?

நின்றார்கள். சின்னம்மா தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையில் ஒரு சோற்றுப் பானைமேல் சாய்த்து வைத்து, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவரையும் மூச்சை அடக்கச் சொல்லிவிட்டு நிலவைப் பார்த்திருந்தாராம். பெயரின் முதலெழுத்துத் தெரிந்ததும் யாரோ தும்மிவிட, பட்டம் ஆடிப் பெயர் மறைந்துபோக, திரும்பவும் முதலிலிருந்து. அடுத்த நாளும் வைத்தார். நண்பர்களையும் அழைத்துக் காட்டினார். நண்பர்கள் தத்தம் பெயருக்கு இடம் கேட்டார்கள். இலவச விளையாட்டைத் திறந்தவரை ஒரு நிமிடம் நிறுத்தி வைப்பதே அந்தத் தொழிலில் தவம். வாகீசனின் பட்டத்துக்கு முன்னால் ஆள்கள் மணிக்கணக்காக, தியானத்தில் அமர்ந்தவர்களைப்போல, தங்கள் பெயருக்காகத் தவமிருந்தார்கள். வானத்தைக் காப்பாற்றவென்று அவன் போட்ட பூட்டே வானத்தின் வாசலாகிவிட்டது.

கோகுலன் கடைசியாக வந்தான். நேரிலேயே வந்தான்.

"மச்சான், எனக்கு அந்த நூலைத் தாரும். எந்த நாட்டிலை இருந்து ஏத்தினாலும் நூல் வேணுமெல்லே? 'நூல் உபயம்: கோகுலன் ஹாட்வெயார், புத்தூர்.' எப்பிடி?"

"ஹாட்வெயார் எண்டு வந்தால் அது விளம்பரம்," என்றான் வாகீசன், பலவீனமாக.

"அது அண்ணையின்ரை பேர்," என்றாள் தயாளினி. "ஊரிலை அவரை வேறை என்னெண்டு கூப்பிடினம்?"

நூலும் போயிற்று. அன்று மாலை வாகீசன் விறாந்தையில் இருந்து தன் விளையாட்டைத் திறந்து பார்த்தான். வானம் அழகாகத்தான் இருந்தது, ஒன்றும் மறையவில்லை. ஆனால் எங்கே பட்டத்தை நிறுத்தினாலும் ஓர் உறவினர் மெதுவாக வெளிவந்தார். நட்சத்திரத்துக்குப் பின்னால் சித்தப்பா. முகிலுக்குள் மச்சாள். உப்பாற்றின் அலையில் முன்னாள் தபாலதிபர் ஒருவர், தம் பட்டங்களோடு. நின்று உறங்கப் பிறந்த பட்டம், எங்கும் நிற்க அஞ்சி வானமெல்லாம் அலைந்தது.

வடக்கே, கடலுக்கு மேலே, நட்சத்திரமோ முகிலோ இல்லாத ஒரு துண்டு இருட்டு மட்டும் மிச்சம் இருந்தது. வாகீசன் எழுந்து குசினிக்குப் போனான்.

"தயா, ஒண்டு கேக்கிறன். அந்த வடக்குப் பக்கத்து இருட்டை மட்டும் விட்டுவிடும்."

"அதிலை ஒண்டுமில்லையே. என்னத்துக்கு?"

"ஒண்டுமில்லை எண்டதுக்குத்தான். அதோடை..." வாகீசன் சற்றுத் தயங்கினான். "அந்தத் தேத்தண்ணி தந்த மனிசி இருக்கிறாவெல்லே. வானம் வடிவெண்டு எழுதினவ. பேரும் வேண்டாமெண்டு, ஒரு பலனும் எதிர்பாராமல், இவ்வளவு சனத்துக்குள்ளை அவ ஒராள்தான் தந்தவ. எண்டைக்காவது திரும்பி வந்தால் நிண்டு பாக்க, ஒருதற்றை பேரும் இல்லாத ஓர் இடம் இருக்கட்டும்."

தயாளினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. அது இரக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று வாகீசன் எண்ணிக்கொண்டான்.

"சரி. அதை வேறை ஒருதருக்கும் குடுக்க மாட்டன்," என்றாள்.

பொங்கல் வந்தது. முற்றத்தில் பானை பொங்கி, வெடி வெடித்து, கோகுலன் குடும்பத்தோடு வந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, காசுமேசைக்கு வேறு ஓர் ஆளைப் பிடித்துவிட்டதாகச் சொல்லிப் போனான். வருகிற கிழமைக்குள் இன்னும் கொஞ்சம் பனையும், முடிந்தால் ஒரு வால்வெள்ளியும் செய்து தரும்படி தயாளினி வாகீசனிடம் சொன்னாள், உபயகாரர் காத்திருக்கிறார்களாம். அதனாலென்ன? புத்தூர் பஸ் அவன் இல்லாமலே போகும். அவன் வானம் அவனுக்கே.

வயிறு நிறையப் பொங்கலோடு கதிரையில் சாய்ந்து, வாகீசன் பட்டத்தை ஏற்றினான். கோப்பாய் வெளி கீழே இறங்கிற்று. உப்பாற்றை விரைந்து கடந்தான். நிலவின் பக்கம் திரும்பவில்லை. பனைகளின் தலைகளும் வாழைத் தோட்டங்களும் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, அலையோசை மட்டும் மிஞ்சிய வடகடலின் மேலே, அந்த ஒரு துண்டு இருட்டுக்குள் பட்டம் நுழைந்தது. அங்கே எவரும் இல்லை. விண் தாழ்ந்த குரலில் கூவியது. வெளியே முற்றத்தில் உண்மையான வாடைக்காற்றும், எங்கோ ஓர் உண்மையான பட்டத்தின் விண்ணும் அதனோடு சேர்ந்துகொண்டன. எது உள்ளே, எது வெளியே என்று தெரியவில்லை. விரல் அசையவில்லை. மூச்சு மெலிந்தது. தூரத்து யன்னலொன்றில், கன்னத்தில் கைவைத்து, அந்தப் பெயரில்லாத இரசிகையும் இதே இருட்டைப் பார்த்திருப்பாள் என்று அவன் நினைத்தான். அவன் இமைகள் தாழ்ந்தன.

பாதி மூடிய கண்ணுக்கு முன்னால், இருட்டின் நடுவே, பனி விலகுவதுபோல, மெல்ல மெல்ல எழுத்துகள் வெளிவந்தன:

'இவ்விருட்டும் முந்திய தேத்தண்ணியும் உபயம்: திருமதி தயாளினி வாகீசன், கோப்பாய்.'